பூச்சிவலை அடித்த வெளிக்கூடம்: ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்குள்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். வீடு கட்டுவோருக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஏழாம் இயல், வெயிலும் பலத்த காற்றும் உள்ள இடங்களில் ஏற்கெனவே இருக்கிற வீட்டோடு ஒரு புது இடத்தைச் சேர்ப்பது பற்றியது. மேலே கூரை, ஒரு பக்கம் வீட்டுச் சுவர், மற்ற மூன்று பக்கமும் தூணுக்குத் தூண் பூச்சிவலை. காற்று வரும், பூச்சி வராது. ஆங்கிலத்தில் 'ஸ்கிரீன்டு போர்ச்'. இந்த இயலில் மட்டும் 63 இடங்களில் வருகிறது. வெள்ளிக்கிழமை கோப்பை அனுப்பியாக வேண்டும்.

இதுவரை 'வலைத்திண்ணை' என்று போட்டு வந்தேன். நேற்று ஒரு பத்தியில் நின்றுவிட்டேன். திறந்த திண்ணையை வலைத்திண்ணை ஆக்குவது, வலைத்திண்ணையைப் பின்னாளில் கண்ணாடி அறை ஆக்குவது என்று மூன்று நிலைகள் அங்கே அடுத்தடுத்து வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் தூண், சட்டம், பிடிமான அளவுகள் வேறு. சொல் குழம்பினால் படிப்பவர் அளவையும் குழப்பிக்கொள்வார். உதவுங்கள்.

அன்புடன்,
ந.

—

> இதுவரை 'வலைத்திண்ணை' என்று போட்டு வந்தேன்

தம்பி ந.,

திண்ணை கூடாது. திண் என்ற அடியிலிருந்து வந்தது அது. திண்மை, திண்ணம், திண்டு எல்லாம் அதன் உறவு. மேடாக, கெட்டியாகக் கட்டியது திண்ணை. நீங்கள் சொல்வது மூன்று பக்கமும் காற்றோடும் இடம். கெட்டித்தன்மையைச் சொல்லும் சொல்லை அதற்கு வைப்பது பொருந்தாது.

'வலைமுன்றில்' என்று வைக்கலாம். இல்லின் முன் என்பது இல்முன் ஆகி, முன்பின்னாக மாறி முன்றில் ஆயிற்று. இலக்கணப்போலிக்கு நாம் வகுப்பில் காட்டும் முதல் எடுத்துக்காட்டு. இடையில் தோன்றும் றகர ஒற்றுக்குத் தொல்காப்பியர் தனி விதியே வைத்திருக்கிறார் என்றால், அந்தச் சொல் எவ்வளவு வழக்கில் இருந்திருக்க வேண்டும்!

மா.

—

மா. ஐயாவுக்கு வணக்கம். நான் கட்டடப் பொறியாளர். முன்றிலில் ஒரு சிக்கல் இருக்கிறது: இந்த இடம் வீட்டின் முன்னால்தான் வர வேண்டும் என்பதில்லை. ஆண்டில் பெரும்பகுதி காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது, பிற்பகல் வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துத்தான் இடம் குறிப்போம். பல வீடுகளில் அது பின்பக்கமாக அமையும். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற முன்றில் என்று எழுத முடியுமா?

வேலையிடத்தில் எல்லாரும் 'நெட் அடிச்ச வராந்தா' என்கிறார்கள். 'வலை வராந்தா' என்றே வைத்துவிடலாம். வராந்தா போர்ச்சுகீசியர் வழியாக வந்தது என்பார்கள். சன்னலும் அப்படி வந்ததுதானே?

க.

—

க. அம்மா,

சன்னல் நுழைந்துவிட்டது என்பதற்காக வராந்தாவுக்கும் கதவைத் திறக்க வேண்டுமா? சன்னலுக்கு நம்மிடம் சொல் இல்லாமல் இல்லை. காலதர் இருந்தது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்றின் வழி. சிலப்பதிகாரத்தில் புகார் நகரின் மாளிகைகளைச் சொல்லும் இடத்தில் 'மான்கட் காலதர்' வருகிறது. மானின் கண் போல அமைந்த காற்றுவழி. ஆங்கிலத்தின் விண்டோவும் பழைய நார்ஸ் மொழியில் 'காற்றின் கண்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்ததே. உலகின் இரு மூலைகளில் இரு மக்கள் சுவரில் ஒரு துளையைப் பார்த்து ஒரே மாதிரி நினைத்திருக்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கிறது.

சாளரம் வேண்டாம். வடமொழியில் வலையைக் குறிக்கும் 'ஜால' என்பதோடு தொடர்புடையது அது என்று அகராதி சொல்கிறது. என் பரிந்துரை 'காலதர்க்கூடம்'. கால் என்ற அடி எவ்வளவு வளமானது பாருங்கள்: காற்று, காலம், உடலின் கால், தூண், வாய்க்கால், நான்கில் ஒரு பங்கு. காற்றுக்கும் தூணுக்கும் ஒரே சொல். நீங்கள் கட்டுவதோ தூண்களுக்கிடையே காற்று ஓடும் கூடம்!

இ.

—

இ. ஐயா, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் இன்று திங்கள் முடிந்துவிட்டது. காலதர் என்றால் சன்னல் என்பதே தெரியாதவர்தான் இந்த நூலைப் படிக்கப் போகிறார், ஏணியில் நின்றுகொண்டு.

ந.

—

நண்பர்களே,

சொல்லுக்குத் திரும்புமுன், ந. சொன்ன 'அளவுக் குழப்பம்' எவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். எதைப் பெயரில் சொல்ல வேண்டும் என்பதும் அதிலேயே தெரியும்.

காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கமாக ஏறும்: வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு. மணிக்கு 50 கி.மீ. காற்று, அடைத்த பரப்பு ஒன்றின் மேல் நேராக மோதினால், சதுர மீட்டருக்குச் சுமார் 12 கிலோ எடை வைத்தது போல. 100 கி.மீ. ஆனால் 24 இல்லை, சுமார் 47. வலையில் காற்றின் பெரும்பகுதி ஊடுருவிப் போய்விடுவதால் சட்டத்துக்கு வரும் சுமை குறைகிறது. அதே சட்டத்தில் பின்னாளில் கண்ணாடி மாட்டினால் முழுச் சுமையும் வந்துவிடும். வலைக்கென்று நட்ட தூண் அதைத் தாங்கும் என்று நம்ப முடியாது.

கூரை இன்னும் மோசம். மூன்று பக்கமும் புகுந்த காற்று வீட்டுச் சுவரில் முட்டி, போக வழியில்லாமல் கூரையைக் கீழிருந்து தள்ளும். மேலே ஓடும் காற்று அதை உறிஞ்சித் தூக்கும். அரை மில்லிமீட்டர் எஃகுத் தகட்டுக் கூரையின் எடை சதுர மீட்டருக்கு 5 கிலோ இருந்தாலே அதிகம். மேலே சொன்ன 12ஐ இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கூரையைத் தூணோடும், தூணை அடித்தளத்தோடும் விடாமல் பிணைக்க வேண்டும். நாங்கள் இதில் பயப்படுவது கூரை இறங்கிவிடுமோ என்று இல்லை, பறந்துவிடுமோ என்றுதான்.

வலையும் சும்மா இருப்பதில்லை. பொதுவாகக் கிடைப்பது அங்குலத்துக்கு 18க்கு 16 கண். மிகச் சிறு பூச்சிகளுக்கு 20க்கு 20 போடுவார்கள். கண் சிறுத்தால் காற்று குறையும், அதுவும் மெல்லிய காற்றைத்தான் வலை கூடுதலாகத் தடுக்கும். புழுக்கமான நாளில் நமக்கு வேண்டியதோ அந்த மெல்லிய காற்று. புழுதி படிந்து கண் அடைபட்டால் நிலைமை இரண்டு விதத்திலும் கெடும்: உள்ளே காற்று வராது, சட்டத்தின் மேல் சுமை ஏறும். கழுவாத வலை பாதிச் சுவர்.

ஆகவே திண்ணையா முன்றிலா என்பது எனக்கு இரண்டாம் பட்சம். அடைப்பது வலை என்பது பெயரிலேயே இருக்க வேண்டும். வராந்தாவை விட்டுவிடுகிறேன்.

க.

—

க. அம்மா எழுதியதில் ஒரு சொல் என்னைப் பிடித்துக்கொண்டது: கண். "18க்கு 16 கண்." மீன் வலைக்கும் கண் என்றுதான் சொல்கிறோம்.

இ. அவர்கள் சாளரத்தைத் தள்ளினார்கள். ஆனால் அவர் மேற்கோள் காட்டிய அதே சிலப்பதிகாரத்தில் சாளரமும் இருக்கிறது. மனையறம்படுத்த காதையில், கோவலனும் கண்ணகியும் மாடத்தில் இருக்கும்போது, சாளரத்தின் 'குறுங்கண்' வழியே தென்றல் நுழைகிறது. தனியாக நுழையவில்லை, வண்டோடு நுழைகிறது! ஒரு சன்னலின் சின்னச் சின்ன இடைவெளிகளுக்கு இளங்கோ வைத்த பெயர் குறுங்கண். அந்தக் கண்ணில் தென்றலும் புகுந்தது, வண்டும் புகுந்தது. நம் தம்பி ந. கேட்பது தென்றலை விட்டு வண்டை நிறுத்தும் கண்.

முன்றிலைத் திரும்பப் பெறுகிறேன். 'குறுங்கண் கூடம்' என் பரிந்துரை.

மா.

—

மா. ஐயா, தலைவணங்குகிறேன். ஆனால் புணர்த்தால் 'குறுங்கட்கூடம்' ஆகுமே? வேற்றுமைப் புணர்ச்சியில் வல்லினம் வந்தால் ணகரம் டகரமாகும். மான்கண் காலதர், மான்கட் காலதர் ஆனதும் அப்படித்தான். பெயராக வைப்பதானால் சேர்த்துத்தான் எழுத வேண்டும், இடைவெளி விட்டுத் தப்பிக்கக் கூடாது.

இ.

—

'குறுங்கட்கூடம்' என்று அச்சில் வந்தால் யாரும் அதில் கண்ணைப் பார்க்க மாட்டார்கள். கட்டில், கட்டடம் என்று மனம் போய்விடும். பிரித்தே எழுதலாம். மண்குடம் என்றுதானே எழுதுகிறோம், மட்குடம் என்று யார் எழுதுகிறார்?

ந.

—

எழுதாமல் விட்டதால்தான் மட்குடம் போயிற்று.

இ.

—

வணக்கம். நான் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். நீங்கள் பேசிக்கொண்டிருந்த சொற்களோடு வேறு சிலவற்றையும் சேர்த்து இன்று ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதி, என்ன பொருள் என்று கேட்டேன்.

காலதர்க்கூடம்: கால் வலிக்கு மருத்துவம் பார்க்கும் இடம். வலையறை: இணையத்தில் அரட்டை அடிக்கும் இடம். வலைத்தளம், வலைப்பூ என்று நாமே பழக்கிவிட்டோம், பிள்ளைகள் மேல் குற்றமில்லை. வலைக்கூடம்: ஒருவன் மட்டைப்பந்து வலைப்பயிற்சி என்றான், மற்றவர்கள் வலை போட்ட கூடம் என்றார்கள். குறுங்கண் கூடம்: கண் மருத்துவமனை. இளங்கோவின் அந்த இடத்தைச் சொன்ன பிறகு வகுப்பு அமைதியாகிவிட்டது. பின் வரிசையிலிருந்து ஒரு பெண் "அப்போ வண்டு உள்ளே வந்தது அழகு இல்லையா டீச்சர்?" என்று கேட்டாள். பாடத்தை விட்டு அரை மணி நேரம் அதையே பேசினோம்.

'வலைத்தாழ்வாரம்' மட்டும் கேட்டவுடன் புரிந்தது. வாரம் என்பது சரிவு, பக்கம். அடிவாரத்தில் இருக்கும் வாரம்தான். சாய்ந்து தாழ்ந்த கூரைக்குப் பொருந்தும்.

வ.

—

வ. அம்மா, தாழ்வாரம் எனக்கும் பிடித்த சொல். ஆனால் அது ஓடுகிற இடம், ஒடுங்கியது. இது மேசை நாற்காலி போட்டு உட்காரும் அகலம். வெப்பமான இடத்தில் கூரையைத் தாழ்த்தவும் சொல்ல மாட்டேன். உயர்த்தி, உச்சியில் சூடான காற்று வெளியேற வழி விடுவது நல்லது.

ஒரு துணைக் கேள்வி. வலையைச் சட்டத்தின் பள்ளத்தில் வைத்து அழுத்தும் ரப்பர் கயிறு, ஆங்கிலத்தில் 'ஸ்ப்லைன்'. பலத்த காற்றில் முதலில் பிடுங்கிக்கொள்வது இதுதான். பட்டறையில் பீடிங் என்கிறார்கள்.

க.

—

தச்சர்கள் அந்தப் பள்ளத்தைக் காடி என்பார்கள். 'காடிக்கயிறு'.

மா.

—

காடிக்கயிறு. மறுப்பில்லை.

இ.

—

அப்படியே எழுதிக்கொண்டேன். நன்றி!

இன்று வியாழன் இரவு. வலைக்கூடத்துக்கு நால்வர் ஆதரவு, அவர்களில் இருவர் 'வேறு வழியில்லாமல்' என்று சேர்த்திருக்கிறார்கள். குறுங்கண் கூடத்துக்கு மா. ஐயா. காலதர்க்கூடத்துக்கு இ. ஐயா. வலைத்தாழ்வாரத்துக்கு வ. அம்மா.

வலைக்கூடம் என்று போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் 'பூச்சிவலையால் மூன்று புறமும் அடைத்த, கூரையுள்ள கூடம்' என்ற விளக்கம் வரும். மூன்று நிலைகளும் இனி திறந்த கூடம், வலைக்கூடம், கண்ணாடிக்கூடம் என்று நிற்கும். கூடம் பொதுவாக இருப்பதால் மாறுவது எது என்று பளிச்சென்று தெரிகிறது. எனக்கு வேண்டியது அதுதான். வினைக்கு 'வலையடித்தல்'. வலை அட்டவணையில் 'கண் அளவு' என்று தலைப்பு வைத்திருக்கிறேன், மா. ஐயாவுக்காக.

ந.

—

தம்பி, கண் அளவுக்கு நன்றி. ஆனாலும் வலை என்பது பிடிப்பதற்கு. மீன் வலை, மான் வலை, சிலந்தி வலை, எல்லாம் உள்ளே அகப்பட்டதைப் பிடிக்கும். உங்கள் கூடத்தில் உள்ளே இருப்பவர் மனிதர். கண் என்பது விடுவதற்கும் பார்ப்பதற்கும். இரண்டாம் பதிப்பு வரும்போது மறுபடியும் கேட்பேன்.

மா.

—

கொசுவலைக்கு உள்ளேயும் மனிதர்தானே ஐயா படுக்கிறார்?

க.

—

அதற்கும் வேறு சொல் தேடியிருக்க வேண்டும்.

இ.