புதுப்பிப்பு: குன்னூர் வீட்டின் பழைய நிலைச்சட்டத்தில் புதுக் கதவு, இப்போது உரசாமல் மூடுகிறது

போன மாதம் கேட்டிருந்தேன்: பழைய நிலையை எடுக்காமல் புதுக் கதவை மட்டும் மாட்டினேன், பூட்டுப் பக்கம் கீழே இடிக்கிறது என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

கீலை மாற்றச் சொன்னவர்களே அதிகம். மாற்றினேன், பலனில்லை. தீர்வு தந்தது, "நிலையின் அகலத்தை மூன்று இடத்தில் அளந்து பாருங்க அண்ணா" என்ற பதில்தான். மேலே 764 மி.மீ., நடுவில் 762, கீழே 757! நான் மேலே மட்டும் அளந்து கதவை வாங்கியிருந்தேன்.

கதவைக் கழற்றி, பூட்டுப் பக்க விளிம்பைக் கீழ்நோக்கிக் குறுகும்படி இழைத்தேன். இருபுறமும் 3 மி.மீ. இடைவெளி. மூடும்போது முதலில் உள்ளே நுழையும் முனையை இன்னும் கொஞ்சம் சாய்த்து இழைத்ததும் இடிப்பது நின்றது.

எதிர்பாராதது ஒன்று. மறுபடி மாட்டிய மூன்றாம் நாளே கதவு தொங்கி, மேல் மூலை உரசியது. மேல் கீலின் திருகுகள் பழைய ஓட்டையில் பிடிப்பில்லாமல் சுழன்றன. தேக்குக் குச்சியைப் பசை தடவி அடித்து, ஒரு நாள் காயவிட்டு, சிறு துளையிட்டுத் திருகினேன். அசையவே இல்லை.

நம் மலைப்பக்கத்தில் மாட்டுபவர்கள் கதவின் மேல், கீழ் விளிம்புகளுக்கும் வார்னிஷ் அடியுங்கள். கண்ணுக்குத் தெரியாத இடமென்று பலர் விட்டுவிடுகிறார்கள். பனிமூட்டத்தின் ஈரம் அதிகம் ஏறுவது அந்த வெட்டு முனைகளில்தான். இழைத்த விளிம்புக்கும் அன்றே இரண்டு பூச்சு கொடுத்தேன்.