80-ஐத் தாண்டினால் உறுமும் கார்: டயரா, பேரிங்கா, வேறெதுவா?

திருச்சி–சென்னை நாலு வழிச்சாலையில் அடிக்கடி போய்வருகிறவன் நான். பழைய டீசல் ஹேட்ச்பேக், 185/65 ஆர்15 டயர். சமயபுரம் டோல் தாண்டி வேகம் பிடித்ததும், 80-க்கு மேல் பின்னாலிருந்து ஒரு உறுமல் வர ஆரம்பித்தது, ரைஸ் மில்லை நெருங்கும்போது கேட்குமே, அந்த மாதிரி. ஸ்டியரிங் துளிகூட ஆடவில்லை. சீட்டிலும் காலடியிலும் மட்டும் லேசான நடுக்கம்.

டயர் கடையில் எதைச் சொன்னாலும் முதல் மருந்து பேலன்சிங்தான், சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமமாக்குவது. செய்தார்கள், ஒன்றும் மாறவில்லை. அடுத்து ஒரு மெக்கானிக் வண்டியை எடுத்து ஒரு ரவுண்டு போய்விட்டு வந்து, இறங்கும்போதே "பின்னாடி பேரிங் போச்சு சார், ரெண்டு பக்கமும் மாத்திடலாம்" என்றார். என் வண்டியில் பின் பேரிங் ஹப்போடு (சக்கரத்தை மாட்டுகிற நடுப்பகுதி) சேர்ந்து ஒரே பீஸாக வருவது, விலையும் அதற்கேற்ற மாதிரி. சரி, யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டு நானே பார்க்க ஆரம்பித்தேன்.

முதலில் இன்ஜினைக் கழித்துவிட வேண்டும். 100-ல் போகும்போது, பின்னால் வண்டி இல்லாத இடமாகப் பார்த்து நியூட்ரலில் தள்ளினேன் (சாவியைத் திருப்பி ஆஃப் செய்துவிடாதீர்கள், பவர் ஸ்டியரிங்கும் பிரேக் பூஸ்டரும் உதவாமல் போகும்). ஆர்பிஎம் ஐட்லுக்கு இறங்கியது, உறுமல் மட்டும் குறையவே இல்லை. ஆக இன்ஜின், கிளட்ச், மவுண்ட் மூன்றும் இல்லை. உருளுகிற ஏதோ ஒன்று.

அப்புறம் ஒரு சின்னக் கணக்கு. இந்த டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.95 மீட்டர், அதனால் 100 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் வினாடிக்கு 14 சுற்று சுற்றுகிறது. ஒரு பக்கம் எடை கூடியிருந்தால் வினாடிக்கு 14 குலுக்கல், அது கைக்கும் முதுகுக்கும் தெரியுமே தவிர காதுக்குச் சத்தமாக எட்டாது. காதில் உறுமலாக விழுகிறது என்றால் ஒரே சுற்றுக்குள் பல தடவை ஏதோ தட்டுகிறது, ஒன்று டயரின் பட்டன்கள் (ரோட்டில் பதிகிற ரப்பர் கட்டிகள்), இல்லையென்றால் பேரிங்கின் உள்ளே உருளும் பால்ஸ். பேலன்சிங் ஏன் பலிக்கவில்லை என்பது எனக்கு இங்கேதான் விளங்கியது.

இந்த இரண்டில் எது என்பதை ரோடே சொல்லிவிட்டது. பாடாலூர் பக்கம் புதுத் தார் போட்டிருந்த இடத்தில் உறுமல் பாதியாகக் குறைந்தது, பழைய சொரசொரப்பான தார் வந்ததும் பழையபடி ஏறியது. பேரிங்குக்கு ரோடு தெரியாது, டயருக்குத்தான் தெரியும். வீட்டுக்கு வந்து வண்டி ஆறினதும் பின் டயரில் உள்ளங்கையை வைத்து வருடிப் பார்த்தேன். ஒரு திசையில் வழவழவென்று போகிறது, எதிர்த்திசையில் இழுத்தால் பட்டன் ஒவ்வொன்றிலும் ஒரு விளிம்பு தூக்கிக்கொண்டு கையில் தடுக்கிறது. போதாததற்கு இடையிடையே பள்ளம் பள்ளமாகத் தேய்ந்திருந்தது. குனிந்து பார்த்தால் வலது பின் ஷாக் அப்சார்பரில் ஆயில் கசிந்து, அதன்மேல் தூசி அப்பிக் கறுப்புப் பசையாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஷாக் அடக்க வேண்டிய துள்ளலை அடக்காததால் டயர் ரோட்டில் எகிறி எகிறிப் பதிந்திருக்கிறது.

உறுதி செய்துகொள்ள முன் டயர் இரண்டையும் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் மாற்றச் சொன்னேன். உறுமலும் டயரோடு முன்னால் வந்துவிட்டது. பேரிங்காக இருந்தால் பின்னாலேயே இருந்திருக்கும். பின் ஷாக் ஜோடியாக மாற்றி, டயர் இரண்டு புதிதாகப் போட்டேன், சத்தம் போயே போச்சு. டயரை மட்டும் மாற்றியிருந்தால் புது டயரும் அதே கதிக்கு வந்திருக்கும், அதனால் கடைக்காரர் "டயர் மட்டும் போதும்" என்றால் ஷாக்கைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் வண்டியில் எப்படி வந்தது, எதில் முடிந்தது என்று எழுதுங்கள்.

*

அண்ணா, எனக்கு நேர்மாறு. புனேயில் இருக்கிறேன், மும்பை–புனே எக்ஸ்பிரஸ்வேயில்தான் பெரும்பாலும் ஓட்டம். அது கான்கிரீட் ரோடு, புது டயரே கொஞ்சம் இரையும், அதனால் முதலில் நானும் டயர்தான் என்று விட்டுவைத்தேன். ஊருக்குள் தார் ரோட்டில் வந்தாலும் சத்தம் மாறவில்லை. கண்டாலா கணவாயில் இறங்கும்போதுதான் பிடிபட்டது: வளைவு இடப்பக்கம் திரும்பினால் உறுமல் ஏறுகிறது, வலப்பக்கம் திரும்பினால் அடங்குகிறது. இடப்பக்கம் திரும்பும்போது வண்டியின் பாரம் வலது சக்கரத்தில் விழும், ஆகவே வலது முன் பேரிங்.

கடையில் ஜாக்கி போட்டுத் தூக்கி, கீழே ஸ்டாண்டும் வைத்து (வெறும் ஜாக்கியை நம்பி யாரும் கையை உள்ளே விடாதீர்கள்), காயில் ஸ்பிரிங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுற்றச் சொன்னேன். நல்ல பக்கத்தில் ஸ்பிரிங்கில் ஒன்றுமே தெரியாது. கெட்ட பக்கத்தில் மணல் அரைபடுவது விரலில் தெரிந்தது. சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் ஆட்டமே இல்லை, ஆனாலும் பேரிங் போய்விட்டிருந்தது. ஆட்டம் இல்லை என்பதை வைத்து மட்டும் நல்லது என்று முடிவு கட்ட முடியாது.

*

நீங்கள் இருவரும் சத்தக் கேஸ். என்னுடையது சத்தமே இல்லாத கேஸ். ஸ்டியரிங் 90-ல் உதற ஆரம்பிக்கும், 110 போனால் அதுவாகவே அடங்கிவிடும். வெளியில் வாங்கிய அலாய் வீல் போட்டதிலிருந்துதான். பேலன்சிங் மெஷினில் எல்லாச் சக்கரமும் பூஜ்யம் காட்டும், ரோட்டுக்கு வந்தால் உதறும்.

என் வண்டியின் ஹப் 54.1 மில்லிமீட்டர், அலாயின் நடு ஓட்டை 73.1. மெஷினில் நடு ஓட்டையில் கோன் வைத்துப் பிடிப்பதால் சக்கரம் சரியான நடுவில் நிற்கிறது. வண்டியிலோ நடுவில் பிடிப்பே இல்லை, நட்டுதான் பிடிக்க வேண்டும், அதையும் பையன் ஏர் கன்னில் ஒரே மூச்சில் ஒரு பக்கமாக இறுக்கிவிடுகிறான். இடைவெளியை அடைக்க ஹப் ரிங் என்று பிளாஸ்டிக் வளையம் கிடைக்கிறது, சல்லிக்காசு சமாச்சாரம். அதைப் போட்டு, சக்கரம் தரையைத் தொடாமல் தூக்கி வைத்தபடியே நட்டை எதிரெதிராகக் கையால் இறுக்கி, கடைசியில் டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து இறுக்குகிற ஸ்பேனர்) முடித்தோம். உதறல் நின்றது.

பேலன்சிங் கடைக்கே போகிறவர்களுக்கு ஒன்று: பூஜ்யம் காட்டியதும் சக்கரத்தைத் தளர்த்தி, அரைச்சுற்று திருப்பி மறுபடி மெஷினில் பிடிக்கச் சொல்லுங்கள். மறுபடியும் பூஜ்யம் வந்தால் சரி. 20, 30 கிராம் காட்டினால் முதலில் பிடித்ததே கோணல், அந்தப் பேலன்சிங்குக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. கொஞ்சம் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

*

செலவில்லாத கேஸ் ஒன்று. தஞ்சாவூர்ப் பக்கம் மழையில் வயல் ரோட்டில் போய்வந்தேன், மறுநாள் பைபாஸில் ஏறியதும் ஸ்டியரிங் பயங்கர உதறல். ரிம்மின் உட்பக்கம் களிமண் ஒரே இடத்தில் கட்டியாகக் காய்ந்திருந்தது. வாட்டர் வாஷில் உள்பக்கமாக நன்றாக அடிக்கச் சொன்னேன், அவ்வளவுதான்.

*

எனக்கு 70 தாண்டி ஆக்சிலரேட்டரை மிதித்தால் மட்டும் வண்டி இடம் வலமாகக் குலுங்குகிறது. காலை எடுத்தால் உடனே நின்றுவிடுகிறது. டயரை மாற்றிவிடலாமா?

*

மாற்றாதீர்கள், டயர் கோளாறு உங்கள் காலைப் பார்த்து வராது. முன் சக்கர இழுவை வண்டியென்றால் ட்ரைவ் ஷாஃப்டின் உள் ஜாயிண்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள், கியர்பாக்ஸ் பக்கம் இருப்பது. ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் வெளியேறியிருந்தால் பெரும்பாலும் அதுதான். முழுக்கத் திருப்பும்போது டக் டக் என்று வருவது வெளி ஜாயிண்ட், அது வேறு. பிரேக் பிடித்தால் மட்டும் ஸ்டியரிங் உதறுகிறவர்கள் டிஸ்க்கைப் பாருங்கள்.

இதில் தள்ளிப்போடக் கூடாதது ஒன்று உண்டு. 20, 30 வேகத்திலேயே வண்டி மெதுவாகத் தத்தித் தத்திப் போகிறது, வேகம் ஏறினால் அது உதறலாகிறது என்றால் டயரின் உள்ளே பெல்ட் (பட்டனுக்கு அடியில் இருக்கிற கம்பி அடுக்கு) பிரிந்திருக்கலாம். பட்டன் பக்கத்தில் எங்காவது உப்பலாகத் தெரிகிறதா, கோடு கோணலாக வளைந்திருக்கிறதா பாருங்கள். பக்கவாட்டில் தயாரிப்புத் தேதி நாலு இலக்கத்தில் இருக்கும், 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் உப்பின டயரோடு நாலு வழிச்சாலையில் ஏற வேண்டாம், அது வெடிக்கும். ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு கடைக்குப் போங்கள், ஸ்டெப்னி ஒல்லி டயராக இருந்தால் அதன்மேல் எழுதியிருக்கிற 80-ஐத் தாண்டாமல்.