மே மாதம் அயர்லாந்து: முழங்கால் வருத்தக்காரரோடை எந்தத் தோட்டங்கள் பார்க்கலாம்?

வவுனிக்குளம்:
மே முற்பகுதியிலை கிளிநொச்சியிலிருந்து அம்மாவும் நானும் டப்ளினுக்குப் போறம். தங்கிறது தங்கச்சி வீட்டிலை. அம்மாவுக்குப் பூமரமெண்டால் உயிர், ஆனால் படி ஏற இறங்க ஏலாது. கார் ஒருநாள்தான் கிடைக்கும். டப்ளினுக்கு வெளியிலை எங்கை போகலாம்? விதை, கன்று கொண்டுவரலாமோ?

முறிகண்டி வடலி:
கார் நாளை டப்ளினுக்குத் தெற்கை விக்லோ மாவட்டத்திலை இருக்கிற கில்மக்கராவுக்கு வையுங்கோ. அரச தாவரவியல் பூங்கா, நுழைவுக்குக் காசில்லை. பஸ்ஸை நம்பிப் போற இடமில்லை. டப்ளினிலை இருக்கிற மற்ற அரச தாவரவியல் பூங்கா கிளாஸ்னெவினிலை சுண்ணாம்பு மண். கொத்துக் கொத்தாப் பூக்கிற ரோடோடென்ட்ரன் மரத்துக்குப் புளிப்பு மண் வேணும், இல்லாட்டி இலை மஞ்சளாகிப் பட்டுப்போகும். அதாலைதான் 19ஆம் நூற்றாண்டிலை கிளாஸ்னெவின் பொறுப்பாளர் டேவிட் மூர் நல்ல கன்றுகளை கில்மக்கராவுக்குக் குடுத்தவர். பிரித்தானியத் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் இமயமலையிலை சேகரிச்ச இனங்களும் அங்கை பெருமரமா நிக்குது. உதிர்ந்த பூ பாதை முழுக்கச் சிவப்பாக் கிடக்கிறது ஏப்ரல் கடைசி, மே தொடக்கம். போய் இறங்கின கிழமையே போங்கோ, பிந்தினால் இலைதான் மிஞ்சும்.

விக்லோவிலையே இருக்கிற பவர்ஸ்கோர்ட் மாளிகைத் தோட்டத்தை எல்லாரும் சொல்லுவினம். 47 ஏக்கர், வடிவுதான், ஆனால் மாளிகையிலிருந்து குளம்வரை படிக்கட்டு. அம்மா மேல்தட்டிலை நின்று பார்க்கலாம். 121 மீற்றர் நீர்வீழ்ச்சி தோட்டத்துக்குள்ளை இல்லை; ஏறக்குறைய 6 கிலோமீற்றர் தள்ளி, அதுக்கு வேறை ரிக்கற்.

கனகராயன் ஆறு:
கார் இல்லாத நாளுக்கு அவொண்டேல் காட்டுப் பூங்கா. டப்ளினிலிருந்து ரொஸ்லேர் போற ரயிலிலை ராத்ட்ரம் இறங்கி, அங்கிருந்து டாக்ஸி. டாக்ஸியை முதலே சொல்லி வைக்கவேணும், ஸ்டேஷனிலை நிக்காது. ரயில் ஒருநாளைக்குச் சிலதுதான், அதாலை திரும்பிற ரயிலைப் பார்த்துப்போட்டுப் போற நேரத்தை முடிவெடுங்கோ.

1904இலை அரச வனப் பயிற்சி தொடங்கின இடம் அது. உலகத்துப் பல நாட்டு மரங்களைத் துண்டு துண்டாப் பரீட்சைக்கு நட்டிருக்கினம். மர உச்சிக்குப் போற பலகைப் பாதை 1.4 கிலோமீற்றர், கடைசியிலை 38 மீற்றர் கோபுரம். முழுக்கச் சாய்தளம், படியில்லை, சக்கர நாற்காலியும் போகும். பாதைக்கு ரிக்கற் உண்டு; கீழை காட்டுக்குள்ளை நடக்க ரிக்கற் தேவையில்லை.

பலர் ஏமாறுறது வெளிச்சத்திலை. மே மாதம் இரவு 9 மணிக்கும் வெளிச்சம் இருக்கும், அதை நம்பி ஆறுதலாப் போனால் தோட்டம் பூட்டியிருக்கும். கடைசி நுழைவு நேரமும் கார் நிறுத்திற கேற் பூட்டிற நேரமும் வேறை வேறை, ரெண்டையும் பாருங்கோ.

வவுனிக்குளம்:
நன்றி அண்ணை. காட்டுக்குள்ளை பாம்பு, பூச்சி?

பாலைமரம்:
பாம்பே இல்லை. பயம் உண்ணிக்கு. பன்னச் செடி, உயரப் புல், மான் திரியிற இடங்களிலை ஒட்டும். நீளக் காற்சட்டையை மேசுக்குள்ளை விடுங்கோ. மாட்டுக்குச் செய்யிறமாதிரி மண்ணெண்ணெய், சூடு வைக்கக்கூடாது: உண்ணி தன்ரை வயித்திலுள்ளதைக் கக்கி கிருமியை உள்ளை விடும். நுனி கூரான சாவணத்தாலை தோலோடை ஒட்டிப் பிடிச்சு நேரை மேலை இழுங்கோ. உண்ணி கடிச்சு வாற லைம் நோயின் சிவப்பு வட்டம் 3 முதல் 30 நாளுக்குள்ளை வரும். ஊருக்கு வந்தபிறகும் வரலாம் எண்டபடியால் டாக்குத்தரிட்டை அயர்லாந்து உண்ணி எண்டு சொல்லவேணும்.

விதையோ கன்றோ விவசாயத் திணைக்கள அனுமதி இல்லாமல் கொண்டுவரேலாது, மண் ஒட்டினால் சரிவராது. கிளிநொச்சி வெய்யிலுக்கு ரோடோடென்ட்ரன் நிக்கவும் மாட்டுது. அம்மாவுக்கு ஆசையெண்டால் ஹோர்ட்டன் சமவெளியிலை எங்கடை நாட்டுச் சிவப்பு இனம் காட்டிலேயே பூக்கும்.

இன்னொண்டு: மவுண்ட் ஸ்ரூவர்ட் தோட்டம் வட அயர்லாந்திலை, அது பிரித்தானியா. றோட்டிலை ஒருத்தரும் மறிக்காட்டியும் அயர்லாந்து விசா அங்கை செல்லாது.