மாசா மாசம் ஒரே ஜிஎஸ்டி சோலி: டாஸ்க் போடுறதை எப்படி ஒரே சீராக்குறது?

பாளை_லெட்ஜர்:

வணக்கம். ஆடிட்டர் ஆபீஸ், பாளையங்கோட்டை. மொத்தம் 64 பார்ட்டி, அதாவது வாடிக்கையாளர். 46 பேருக்கு மாசா மாசம் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 3பி (வரி கட்டுற சுருக்கக் கணக்கு) தாக்கல். மிச்சம் 18 பேர் காலாண்டுக்காரங்க. எல்லாம் ட்ரெல்லோங்கிற வேலைப்பட்டியல் ஆப்ல ஓடுது, ஒரு வேலைக்கு ஒரு கார்டு. முதல் தேதி ஆனா போன மாசக் கார்டைக் காப்பி எடுத்துத் தேதியை மாத்துதோம். நாலு பேர் நாலு விதமாப் போடுதாங்க. 'ஆகஸ்ட் 3பி'ன்னு ஒரு கார்டு கிடந்தா, அது ஆகஸ்ட் மாசத்து வரியா, ஆகஸ்ட்ல கட்டவேண்டிய ஜூலை வரியான்னு திறந்து பார்த்தாத்தான் தெரியும். ஜூன் செல்லான் (வரி கட்டுற சீட்டு) பிடிஎஃப் ஜூலை கார்டிலயும் ஒட்டிக்கிட்டு வந்துருது. டாஸ்க்கைத் தானாத் திரும்பப் போடுற ரிப்பீட் வசதியைப் போட்டுவிட்டாப் போதுமா? இல்ல அசானா, கிளிக்அப்னு வேற ஆப்புக்கு மாறித்தான் ஆகணுமா?

ரதவீதி_டவுன்:

மாற வேண்டாம். இந்தப் பழக்கத்தோடு எங்கே போனாலும் இதே குழப்பம்தான். போன மாதக் கார்டிலிருந்து புதுக் கார்டு எடுப்பதை முதலில் நிறுத்துங்கள். காப்பி எடுக்கும்போது செக்லிஸ்ட், இணைப்பு, கருத்து எதையெல்லாம் வைத்துக்கொள்ளலாம் என்று ட்ரெல்லோ கேட்கும். அவசரத்தில் யாரும் அதைப் பார்ப்பதில்லை. அப்படித்தான் பழைய செல்லான் கூடவே வருகிறது. 3பி-க்கு ஒரு வெற்று டெம்ப்ளேட் கார்டு, ஜிஎஸ்டிஆர்-1-க்கு ஒன்று. அவற்றைத் திருத்தும் உரிமை ஒரே ஆளிடம் இருக்கட்டும். டெம்ப்ளேட்டைத் திருத்தினால் ஏற்கெனவே போட்ட கார்டுகள் மாறாது. அதனால் டெம்ப்ளேட்டின் கடைசி வரியில் 'பதிப்பு 4' என்று எழுதி வையுங்கள். எந்தக் கார்டு பழையதிலிருந்து வந்தது என்று பின்னால் தெரியும்.

ரிப்பீட்டில் ஒரு குழி இருக்கிறது. அசானாவில், இருக்கிற டாஸ்க்கை முடித்ததாகக் குறித்தால்தான் அடுத்தது உண்டாகும். ஒரு பார்ட்டி பில் தராமல் ஜூன் தொங்கினால் ஜூலை டாஸ்க் பிறக்கவே பிறக்காது. பட்டியலில் இல்லாத ஒன்றை யார் தேடுவார்கள்? கிளிக்அப்பில் நிலை மாறும்போதா, நாள்காட்டிப்படியா என்று தேர்ந்தெடுக்கலாம். நாள்காட்டிதான் உங்களுக்குச் சரி.

பெயர் இப்படி இருக்கட்டும்: '2025-07 | 3பி | பார்ட்டி பெயர் | ஜிஎஸ்டி எண்'. முதலில் வருவது வரிக்காலம். தாக்கல் செய்யும் மாதம் பெயரிலேயே வேண்டாம். பார்ட்டி பெயரை மட்டும் நம்பாதீர்கள். 'முருகன் ஸ்டோர்', 'ஸ்ரீ முருகன் ஸ்டோர்ஸ்' என்று ஆளுக்கொரு மாதிரி எழுதுவார்கள். 33-ல் தொடங்கும் 15 எழுத்து எண் ஒன்றுதான் மாறாதது. ஒரே பான் எண்ணில் இரண்டு பதிவு வைத்திருப்பவர்களைக்கூட 13-ஆவது எழுத்து பிரித்துக் காட்டிவிடும்.

அம்பை_ஷீட்:

அண்ணாச்சி சொன்னதுக்கு மேல ஒண்ணு. தேதியைக் கையால போடவே கூடாது. ஒரு கூகுள் ஷீட்ல பார்ட்டி பட்டியல், பக்கத்துல வரிக்காலத்தோட முதல் தேதி. மாசக் கடைசித் தேதியைக் குடுக்கிற ஈஓமந்த் (EOMONTH) ஃபார்முலாவுல 0 கொடுத்துக் கூட 20 சேர்த்தா 3பி-யோட கெடு வந்துரும்; 11 சேர்த்தா ஜிஎஸ்டிஆர்-1. 11, 20ங்கிற எண்ணைத் தனிச் செல்லில் வச்சு ஃபார்முலாவுக்குள்ள அந்தச் செல்லைக் குடுங்க. அரசு கெடுவை நீட்டிச்சா ஒரு இடத்துல மாத்தினாப் போதும்.

உள்கெடுவை, அதாவது நம்ம ஆபீஸுக்குள்ள வேலையை முடிக்கவேண்டிய நாளை, அரசு கெடுவிலிருந்து பின்னோக்கி எண்ணணும், வேலைநாள் கணக்குல. சாதாரண வொர்க்டே (WORKDAY) ஃபார்முலா சனிக்கிழமையையும் லீவுன்னு எடுத்துக்கிடும். நமக்குச் சனி வேலைநாள்லா? வொர்க்டே.இன்டிஎல் (WORKDAY.INTL) எடுத்து 11-ஆம் குறியீடு குடுத்தா ஞாயிறு மட்டும் விடுமுறை. கூடவே விடுமுறைப் பட்டியல் ஒரு தாவல்ல இருக்கணும். கணக்குப் போட்டுப் பாருங்க: ஜூலை 2025-க்கு 3பி கெடு ஆகஸ்ட் 20, புதன். மூணு வேலைநாள் முன்னாடின்னு வெறும் வொர்க்டே போட்டா ஆகஸ்ட் 15-ல போய் நிக்கும், சுதந்திர தினத்துல. 15, 16 கிருஷ்ண ஜெயந்தி, 17 ஞாயிறு மூணையும் தள்ளினா 14-ஆம் தேதி. வாங்கின பில்லுக்கான வரி வரவைக் காட்டுற 2பி பட்டியல் வாற நாளே அதுதான். அப்போ அந்த மாசம் 2பி வந்த அன்னைக்கே ஒப்பிடணும்னு ஒண்ணாந்தேதியே தெரிஞ்சுரும்.

கிளிக்அப், அசானா, ஜிரா (இதுவும் அதே மாதிரி ஆப்) மூணுலயும் சிஎஸ்வி (அட்டவணையை வெறும் எழுத்தாச் சேமிக்கிற கோப்பு) ஏத்தலாம். தேதியை 2025-08-07 மாதிரிதான் எழுதணும்; 07/08 போட்டா ஜூலை 8-னு எடுத்துக்கிட வாய்ப்பிருக்கு. எக்செல்ல சேமிக்கும்போது 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' பார்த்து எடுங்க, இல்லாட்டி தமிழ்ப் பேர் பூராவும் கேள்விக்குறியா மாறிரும். ரெண்டு தடவை ஏத்தினா ரெண்டு ரெண்டா விழும். வரிக்காலம், வேலை, ஜிஎஸ்டி எண் மூணையும் சேர்த்து ஒரு நிரல் (column) வச்சு, ஏத்தினதும் பக்கத்துல 'ஏத்தியாச்சு'ன்னு குறிச்சிருங்க.

பாளை_லெட்ஜர்:

ட்ரெல்லோவில் சிஎஸ்வி ஏத்த வழியைக் காணோமே அண்ணாச்சி?

அம்பை_ஷீட்:

வேண்டாம் தம்பி. ஷீட்டில் பெயர் நிரலை 46 வரியும் மொத்தமாக் காப்பி எடுத்து, 'கார்டு சேர்' பெட்டியில ஒட்டுங்க. வரிக்கு ஒரு கார்டா போடவான்னு கேக்கும், சரின்னு சொல்லுங்க. லிஸ்ட் பேரு '3பி 2025-07'. அந்த லிஸ்ட்ல கார்டு விழுந்ததும் டெம்ப்ளேட் கார்டுல உள்ள செக்லிஸ்ட்டைச் சேர்த்துத் தேதியும் வைக்கும்படி ஆட்டோமேஷன் விதியை ஒட்டுறதுக்கு முன்னாடியே எழுதிருங்க. ஒட்டின பிறகு விதி எழுதினா இருக்கிற கார்டுக்கு அது ஓடாது.

பேட்டை_ராகம்:

செக்லிஸ்ட்டை 30 வரி ஆக்காதீர்கள். ஆள் மாறும் இடம், காத்திருக்கும் இடம், இவை மட்டும் தனி வரியாக இருந்தால் போதும். 3பி-க்கு: பில் வந்தது, விற்பனைப் பதிவு, ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல், 2பி ஒப்பீடு, வரிக் கணக்குக்குப் பார்ட்டி சம்மதம், செல்லான், ஓடிபி வாங்கித் தாக்கல், ஏஆர்என் (தாக்கல் ஆனதற்கான ஒப்புகை எண்) குறிப்பு. எட்டே வரி. ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் ஆகாமல் 3பி போட முடியாது என்பதால் வரிசையை மாற்ற வேண்டாம். ஓடிபி பார்ட்டியின் போனுக்குத்தான் போகும். அவர் கடையில் கூட்டமாக இருக்கும் நேரத்தில் கூப்பிட்டால் எடுக்க மாட்டார். எத்தனை மணிக்குக் கூப்பிடலாம் என்பதைப் பார்ட்டி பட்டியலிலேயே ஒரு நிரலாக வையுங்கள்.

'பார்ட்டியிடம் காத்திருக்கிறது' என்று தனி லிஸ்ட் அவசியம். இல்லையென்றால் வேலை நம்மிடம் தேங்கியதா, பில் வரவில்லையா என்று கெடு நாளில்தான் தெரியும். ஏஆர்என் எழுதாமல் கார்டை முடிக்கக் கூடாது. ஜிராவில் அந்தப் புலத்தைக் கட்டாயமாக்கலாம். ட்ரெல்லோவில் மனிதர்தான் கவனிக்க வேண்டும்.

அந்த 18 காலாண்டுப் பார்ட்டிகளுக்கு ஒரே டெம்ப்ளேட் ஒத்துவராது. காலாண்டின் முதல் இரண்டு மாதங்களுக்கு பிஎம்டி-06 (வரி கட்டும் செல்லான்), அடுத்த மாதம் 25-க்குள். பில் விவரம் ஏற்றுகிறவர்களுக்கு ஐஎஃப்எஃப் (அந்த மாத விற்பனை பில்களை ஏற்றும் வசதி) 13-க்குள். மூன்றாம் மாதத்துக்கு ஜிஎஸ்டிஆர்-1 13, 3பி நம் மாநிலத்துக்கு 22. ஆக இரண்டு டெம்ப்ளேட். எந்த மாதம் எது என்பதை ஷீட்டே சொல்லட்டும்.

ரதவீதி_டவுன்:

விடுமுறைத் தாவலில் நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தையும் சேருங்கள். உள்ளூர் விடுமுறை, எந்த மென்பொருளின் நாள்காட்டியிலும் வராது. ஆங்கிலத் தேதியும் நிலையாக இருக்காது: 2024-ல் ஜூன் 21, 2025-ல் ஜூலை 8. ஜூலை 8 போல வந்தால் 7-ஆம் தேதி டிடிஎஸ் (பிடித்தம் செய்த வருமான வரி) கட்டுவதற்கும் 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1-க்கும் நடுவில் உட்கார்ந்துவிடும். கெடு நகராது, ஆள்தான் இருக்க மாட்டார்கள். ஆட்சியர் அறிவிப்பு வந்த அன்றே தாவலில் போடுங்கள். ஏற்கெனவே ஒட்டிய கார்டுகளின் உள்கெடுவை ஒருமுறை ஷீட்டோடு ஒத்துப் பாருங்கள்.