எம்பரர் ஏஞ்சல் மீன் உங்களை எதிர்த்து நின்றதுண்டா?

கடலோடி:
பாறை விளிம்புக்கு அடியில் டார்ச் அடிச்சப்போ பார்த்தேன். மஞ்சளும் நீலமுமா கோடு, கண்ணை மறைக்கிற கறுப்புப் பட்டை, நல்லா வளர்ந்த மீன். பொந்துக்குள்ள ஓடிடும்னு பார்த்தா, பக்கவாட்டில் திரும்பி முழு உடம்பையும் காட்டி நின்னுச்சு. அடுத்து ஒரு ‘டொக்’. காதில் கேட்டதைவிட நெஞ்சில் பட்டதுதான் அதிகம். கூட வந்தவர் ரெகுலேட்டர் (மூச்சு விடுற கருவி) சத்தம்னு அடிச்சுச் சொல்றார். நான் மூச்சை நிறுத்தியிருந்தப்பவும் கேட்டுச்சே! வேற யாருக்காவது கேட்டிருக்கா?

முத்துச்சிப்பி:
மீன் போட்ட சத்தம்தான், எம்பரர் அப்படித்தான் மிரட்டும். எனக்கு மனசை விட்டுப் போகாதது இந்தோனேசியாவின் நூசா லெம்பொங்கான் தீவு. ஆழத்திலிருந்து மோலா (ராட்சதச் சூரியமீன்) ஏறி வந்து பாறைச் சரிவோரம் நின்னுச்சு. எம்பரர் ஒண்ணு பாறையை விட்டு வெளியே நீந்திப் போய் அதன் விலாவைக் கொத்த ஆரம்பிச்சுது. நல்லா வளர்ந்தாலே 40 செ.மீ. வர்ற மீன், அந்த ராட்சத உடம்புக்குப் பக்கத்தில்! மோலா நகரவே இல்லை, கண்ணை மட்டும் உருட்டிச்சு.

சுறாவால்:
மோலா உடம்பில் இருக்கிற ஒட்டுண்ணிகளைக் கொத்திச் சுத்தம் பண்றது பேனர் மீன்கள். எம்பரர் கடற்பஞ்சு தின்னுற மீன். அதைத்தான் பார்த்தீங்களா?

முத்துச்சிப்பி:
பேனரும் பண்ணும், எம்பரரும் பண்ணும். நூசா லெம்பொங்கானில் வளர்ந்த எம்பரர் மோலாவைச் சுத்தம் பண்ணினதை 2006லேயே ஆய்வுக் குறிப்பா வெளியிட்டாச்சு. படுக்கைக் கோடு போட்ட மீனையும் முதுகுத் துடுப்பு நீண்டு பறக்கிற மீனையும் நான் குழப்பிக்கலை.

பவளத்திட்டு:
நான் பார்த்தது பாதி மாறின ஒண்ணு. குஞ்சுப் பருவத்து வெள்ளை வட்டங்கள் மங்கிப் போய், மஞ்சள் கோடுகள் அதுக்கு நடுவில் கிளம்பிக்கிட்டிருந்துச்சு. ரெண்டு மீனை ஒரே உடம்பில் பார்த்தேன்.

கடலோடி, மூச்சை நிறுத்தினேன்னு எழுதியிருக்கீங்க. தயவுசெஞ்சு அதை விட்டுடுங்க. ஸ்கூபாவில் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கொஞ்சம் மேலே மிதந்தாலே நுரையீரல் கிழியலாம். கேமராவை ஓடவிடுங்க, சத்தமும் பதிவாகும். கூட வந்தவருக்கும் போட்டுக் காட்டலாம். பொந்தோட வாயை அடைச்சு நிக்காதீங்க, உடம்பைக் காட்டி ‘டொக்’குன்னு அடிக்கிற மீன் உங்களைப் போகத்தான் சொல்லுது. செவுள் மூடிக்குக் கீழே கூரான முள் இருக்கு, விரலை நீட்டவே வேண்டாம். டார்ச்சையும் கண்ணுக்கு நேரா அடிக்காம ஓரமாப் பிடிங்க, ஓரத்து வெளிச்சமே அந்தக் கோடுகளைக் காட்டப் போதும்.