அணை ஆய்வுக்கு ஆள் வந்த அன்று நீங்கள் பார்த்தது என்ன?

லஸ்கர் மகள்:
அப்பா ஒரு மண் அணையில் லஸ்கர், அதாவது ஷட்டரையும் கரையையும் பார்த்துக்கொள்ளும் ஊழியர். பருவமழைக்கு முந்தைய ஆய்வு எப்படி நடக்கும் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். ஜீப் வரும், ஷட்டரை அரையடி தூக்கி இறக்குவார்கள், பதிவேட்டில் கையெழுத்து. ஒரு வருஷம் புதிதாக வந்த பெண் பொறியாளர் மட்டும், "அண்ணே, ஈரம் எங்க நிக்குது?" என்று அப்பாவிடம் கேட்டார். கீழ்க்கரையில் கோரை மண்டிய இடத்துக்கு அப்பா கூட்டிப்போனார். ஊற்றுத் தண்ணீரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெயிலில் தூக்கிப் பிடித்தார் அந்த அம்மா. கொஞ்ச நேரத்தில் அடியில் மெல்லிசாக மண் படிந்தது. அவர் பேசவே இல்லை. அப்பா இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான். முந்தைய படிவத்தில் 'கசிவு இயல்பு' என்று இருந்தது. அந்த வாரமே மணலும் ஜல்லியும் அடுக்கி வடிகட்டி போட்டார்கள்.

ஓய்வுபெற்ற பொறியாளர்:
சகோதரி, ஜீப்பில் வருகிற எல்லாரும் கையெழுத்துக்காக மட்டும் வருவதில்லை. நான் ஒரு கல் அணையின் கேலரிக்குள், அதாவது அணையின் உள்ளே போகும் சுரங்கப் பாதையில், இருந்தபோது டார்ச் அணைந்துவிட்டது. சுவரைத் தடவிக்கொண்டே வந்தேன். வடிதுளை ஒவ்வொன்றிலும் சொட்டுகிற சத்தம். ஓரிடத்தில் மட்டும் சத்தமே இல்லை. சுண்ணாம்பு படிந்து அடைத்திருந்தது. அடைத்தால் அணைக்கு அடியில் நீரழுத்தம் ஏறும். அன்று இரவே அறிக்கை எழுதினேன்.

கரையோரம் குடியிருப்பவர்கள் கவனியுங்கள். மண் அணையில் தெளிந்த கசிவு இருப்பது வழக்கம்தான், அதற்குப் பயப்பட வேண்டாம். அதே நீர்மட்டத்தில் கசிவு கூடினாலோ கலங்கி வந்தாலோ ஆபத்து. தேதியையும் அன்றைய நீர்மட்டத்தையும் சேர்த்தே குறித்து வையுங்கள். கரையில் மரம் வளர விடாதீர்கள், எலி வளை, நண்டு வளை கண்டால் சொல்லுங்கள். 2021 அணை பாதுகாப்புச் சட்டப்படி மழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு கட்டாயம். வெள்ளம், நிலநடுக்கம் வந்தாலும் பார்க்க வேண்டும். ஆய்வு அறிக்கையின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். வாயால் சொன்னால் நிற்காது, எழுதிக் கொடுங்கள்.

மதகடி:
ஐயா, எழுதிக் கொடுங்கள் என்கிறீர்கள். ஒப்பந்தக் கூலி எழுதிக் கொடுத்தால் மறுநாள் வேலை இருக்குமா? 2024 ஆகஸ்ட் 10 இரவு கர்நாடகத்தின் துங்கபத்ரா அணையில் 19ஆவது ஷட்டரின் சங்கிலி அறுந்ததும் எங்கள் அணைக்கும் அவசர ஆய்வு என்றார்கள். முதல் நாள் சங்கிலிக்கு பெயின்ட் அடிக்கச் சொன்னார்கள். நான்தான் அடித்தேன், துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே. ஒரு கண்ணி விரலால் தடவும்போதே மெலிந்திருந்தது தெரிந்தது. மறுநாள் அதிகாரி பாலத்தில் நின்றபடி பார்த்து, "நல்லா வெச்சிருக்கீங்க" என்றார். பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை. 2022 செப்டம்பரில் பரம்பிக்குளம் அணையில் நடு ஷட்டர் பெயர்ந்து போனதே, அதை நினைத்தால் இப்போதும் தூக்கம் வருவதில்லை.

லஸ்கர் மகள்:
அண்ணா, எந்தக் கண்ணி என்று நினைவிருக்கிறதா? மழைக்குப் பிந்தைய ஆய்வு வரும் அல்லவா, அப்போது லஸ்கரிடமாவது காட்டிவிடுங்கள். உங்கள் பெயர் வெளியே வராது.

மதகடி:
நான்காவது ஷட்டர். இடது பக்கம், மேலிருந்து மூன்றாவது கண்ணி.