மூன்று ஷிப்ட் ஆலையில் சங்கக் கூட்டம் நடத்துவது எப்படி?

தோழர்களே, புதுச்சேரி சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் சங்கச் செயலாளராக இருக்கிறேன். சந்தா ஒழுங்காக வருகிறது, கூட்டத்துக்குத்தான் ஆள் வருவதில்லை. போன வருடம் ஊதிய ஒப்பந்தம் முடிந்ததிலிருந்தே இப்படித்தான்.

மூன்று ஷிப்ட் ஓடுகிறது. பாதிப் பேர் வானூர், திண்டிவனம் பக்கமிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்கள். ஷிப்ட் முடிந்ததும் பஸ் கிளம்பிவிடும். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டுப் பார்த்தோம், உள்ளூர்க்காரர்கள் மட்டும் வந்தார்கள். வாயிற்கூட்டத்தில் நாங்கள் பேசத்தான் நேரம் இருக்கிறது, உறுப்பினர் வாய் திறக்க இடமில்லை. வாட்ஸ்அப் குழுவிலும், சூப்பர்வைசர் பார்த்துவிடுவாரோ என்று யாரும் எழுதுவதில்லை. பெண்கள் தங்கள் பிரச்சினையைத் தனியாக வந்து சொல்கிறார்கள், கூட்டத்தில் சொல்வதில்லை. இதுதான் எனக்குப் பெரிய கவலை.

ஜூலை 30 அன்று மட்டும் எல்லோரும் வருகிறார்கள். 1936-இல் அதே நாளில் சவானா பஞ்சாலையில் பிரெஞ்சுப் படை சுட்டு 12 தொழிலாளர்கள் உயிர்விட்ட ஊர் புதுச்சேரி, அந்த உணர்வு இன்னும் இருக்கிறது. அதை மாதக் கூட்டம் வரை கொண்டுவரத்தான் வழி தெரியவில்லை.

பிரிவுக்கு ஒரு பிரதிநிதி வைக்கலாம் என்று நிர்வாகக் குழுவில் பேச்சு இருக்கிறது. ஷிப்ட் ஆலையில் இதைச் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்: இரவு ஷிப்ட்காரர்களும் பெண்களும் விட்டுப்போகாமல் அந்தப் பிரதிநிதிகளை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?